ஒன்பது லட்சம் கட்டி கேர் விசாவில் இங்கிலாந்து போகலாமா? சேலம் பக்கத்து நர்சுகள் சொல்லுங்கள்

நாகலூர்க்காரி

வணக்கம். எனக்கு ஏற்காடு பக்கம் நாகலூர். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, சென்னையில் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டேன். சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் மூன்று வருடத்துக்கு மேலாக ஸ்டாஃப். சம்பளம் பதினாறாயிரம். ஹாஸ்டல் செலவும் கல்விக் கடன் தவணையும் போனால் வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது சொற்பம்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். "முதலில் முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கிற கேர் ஒர்க்கர் விசாவில் இங்கிலாந்து போய்விடுங்கள். இங்கிலீஷ் பரீட்சை, நர்சிங் பரீட்சை எல்லாம் அங்கே போய் எழுதிக்கொள்ளலாம். ஒரே வருடத்தில் நர்சாக மாற்றிவிடுவோம்" என்றார்கள். மொத்தம் ஒன்பது லட்சம். அதில் ஒன்றரை லட்சம் இந்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். சர்டிபிகேட் ஒரிஜினல்களையும் அவர்களிடம் கொடுத்து வைக்கச் சொல்கிறார்கள்.

அப்பா காப்பித் தோட்டத்தை அடமானம் வைக்கப் பேசிவிட்டார். எங்களுக்கு இருப்பதே அது ஒன்றுதான். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் மறுத்துச் சொல்லவும் விவரம் போதவில்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் அக்கா, அண்ணன்கள் உள்ளபடி சொல்லுங்கள்.

சூரமங்கலம் செல்வி

தங்கச்சி, அந்த ஒன்றரை லட்சத்தைக் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் இங்கிலாந்தில் லீட்ஸில் ஒரு என்.எச்.எஸ். (அரசு) ஆஸ்பத்திரி வார்டில் இருக்கிறேன். அவர்கள் சொல்கிற வழியே இப்போது கிடையாது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டில் இருப்பவரைப் புதிதாகக் கேர் ஒர்க்கர் வேலைக்கு ஸ்பான்சர் செய்து அழைத்து வருவதை இங்கிலாந்து அரசு நிறுத்திவிட்டது. ஏற்கெனவே இங்கே இருப்பவர்கள் அந்த விசாவுக்கு மாற மட்டும் 2028 வரை கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். சேலத்தில் இருக்கும் உங்களுக்கு அந்த விசாவை யாராலும் வாங்கித் தர முடியாது. தெரிந்தே பணம் கேட்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அந்த வழி திறந்திருந்தபோதே வந்தவர்கள் பட்ட கஷ்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முழுநேர வேலை என்று சொல்லிக் கூட்டி வந்து வாரத்தில் இரண்டு நாள் டியூட்டி கொடுத்த கம்பெனிகள் உண்டு. கம்பெனியின் ஸ்பான்சர் லைசென்ஸ் ரத்தானால் வேறு ஸ்பான்சரைத் தேட அறுபது நாள்தான் அவகாசம். 2024 மார்ச் 11-க்குப் பிறகு விண்ணப்பித்த கேர் ஒர்க்கர்கள் கணவனையோ குழந்தையையோ கூட்டி வரவும் முடியாது. வென்டிலேட்டர் பேஷன்ட்டைப் பார்த்துக்கொண்ட கைகள் இங்கே வந்து ஊசி தொடக்கூட அனுமதி இல்லாமல் வருடக்கணக்கில் நிற்கின்றன. அந்த அனுபவம் நர்சிங் அனுபவமாகவும் சேராது.

நர்சுக்கு நேர்வழி என்.எம்.சி. என்கிற இங்கிலாந்து நர்சிங் கவுன்சிலில் பதிவு. அதை நாகலூரில் இருந்தே ஆரம்பிக்கலாம். முதலில் இங்கிலீஷ் பரீட்சை, இரண்டில் ஒன்று எழுதலாம். ஐ.இ.எல்.டி.எஸ். அகடமிக் என்றால் படிப்பது, கேட்பது, பேசுவது மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5. மருத்துவத் துறைக்கான ஓ.இ.டி. என்றால் அந்த மூன்றிலும் பி, எழுதுவதில் சி பிளஸ். ஒரே தடவையில் எல்லாம் வர வேண்டும் என்றில்லை. பன்னிரண்டு மாதத்துக்குள் எழுதிய இரண்டு பரீட்சைகளின் மதிப்பெண்ணைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் எந்தத் தடவையிலும் 6.5-க்குக் கீழே, எழுதுவதில் 6-க்குக் கீழே போகக் கூடாது.

அடுத்தது சி.பி.டி. கம்ப்யூட்டர் பரீட்சை, சென்னையிலேயே எழுதலாம். முதல் பகுதியில் மருந்துக் கணக்கு 15 கேள்வி, இரண்டாம் பகுதியில் நர்சிங் 100 கேள்வி. டோஸ் கணக்கும் டிரிப் ரேட்டும் தினமும் போடுகிற ஐ.சி.யூ. ஸ்டாஃபுக்கு முதல் பகுதி பயமில்லை. வேலை கிடைத்து இங்கே வந்த பிறகு ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு, பத்து ஸ்டேஷன், அதாவது பத்துக் கட்டம். அதன் கட்டணம் 794 பவுண்டு. என்.எச்.எஸ். ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் தாங்களே கட்டிவிடும். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்பு.

வேலை வாங்கித் தருவதற்கு நர்சிடம் காசு கேட்கக் கூடாது என்பது இங்கே அரசின் ஆளெடுப்பு நெறிமுறை. முறையான ஏஜென்சிக்கு ஆஸ்பத்திரிதான் பணம் கொடுக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2022-லும் 2023-லும் இருந்த வேகம் இப்போது இல்லை. இங்கே படித்து முடிக்கிற பிள்ளைகளுக்கே வேலை திணறுகிறது. என் ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு ஆளெடுப்பை ரொம்பக் குறைத்துவிட்டார்கள். ஆகவே என்.எம்.சி. வேலைகளைச் செய்யுங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம்.

அம்மாபேட்டை குமார்

ஏஜென்ட் என்றாலே திருடன் என்று பேசுவது சரியில்லை. என் சித்தி மகள் 2022-ல் ஏழு லட்சம் கட்டித்தான் போனாள். இன்றைக்குக் கடனை அடைத்து அம்மாபேட்டையில் வீடு கட்டிவிட்டாள். மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளை இத்தனை பரீட்சை, இத்தனை வெப்சைட் எல்லாம் தனியாகச் செய்ய முடியுமா? வழிகாட்ட ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும்.

பழைய ஸ்டாஃப்

குமார் தம்பி, உங்கள் தங்கை நல்லபடியாக இருப்பதில் எனக்கும் சந்தோஷம். வழிகாட்ட ஆள் வேண்டும் என்பதும் நியாயம்தான். ஆனால் கூலிக்கு ஒரு அளவு இருக்கிறது, அதைச் சட்டமே சொல்லிவிட்டது. 1983-ம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற எவரும் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. ஏழு லட்சம், ஒன்பது லட்சம் என்பதெல்லாம் அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லாத தொகை.

நாகலூர் கண்ணு, நான் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். என் காலத்திலிருந்து பிள்ளைகள் வெளிநாடு போவதைப் பார்த்து வருகிறேன். நான் எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்வி: நீ கட்டுகிற பணத்துக்கு ரசீது யார் கொடுக்கிறார்கள், அது யார் பேரில்? பரீட்சை நடத்துகிறவர், கவுன்சில், பல்கலைக்கழகம், தூதரகம் இவர்களுக்குக் கட்டுகிற காசுக்கு உன் பேரில் ரசீது வரும். அதில் கிடைக்கிற பதிவும் மதிப்பெண்ணும் உன்னுடையவை. ஒரு நாடு கதவைச் சாத்தினாலும் இன்னொரு நாட்டுக்கு அவற்றில் பாதியாவது உதவும். ஏஜென்டிடம் மொத்தமாகக் கொடுத்த லட்சம் அப்படி உதவாது.

மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்சிகளின் பட்டியல் இருக்கிறது. ஐந்து ரோட்டுக்காரர்களின் பதிவு எண்ணைக் கேட்டு அதில் தேடிப் பார். எண்ணும் பெயரும் முகவரியும் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வேறொரு ஏஜென்சியின் எண்ணைக் காட்டி, "அவர்களுடைய கிளை நாங்கள்" என்பார்கள். அதையும் நம்பாதே.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அரசு நிறுவனமே இருக்கிறது. ஓ.எம்.சி.எல். என்கிற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், 1978-ல் தொடங்கியது, சென்னை கிண்டியில் அலுவலகம். இப்படி ஒன்று இருப்பதே நம் மாவட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதன் வெப்சைட்டில் இன்றைக்கே பதிவு செய்.

ஒரிஜினலை எக்காரணம் கொண்டும் ஏஜென்டிடம் கொடுக்காதே.

ஐ.சி.யூ. ஸ்டாஃபுக்குப் பதினாறாயிரம் என்று படித்ததும் மனசு கொதித்தது. உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூட நர்சுக்கு மாதம் 20,000-க்குக் குறையக் கூடாது என்று 2016-லேயே பரிந்துரைத்தது. அதை ஒழுங்காக நடைமுறைப்படுத்தியிருந்தால் இந்தப் பிள்ளைகளில் பலர் தோட்டத்தை அடமானம் வைக்கிற நிலைக்கு வந்திருக்க மாட்டார்கள்.

நாகலூர்க்காரி

செல்வி அக்கா, பழைய ஸ்டாஃப் அம்மா, ரொம்ப நன்றி. அப்பாவிடம் இரண்டு பதிலையும் படித்துக் காட்டினேன். அடமானப் பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறார்.

இன்னும் இரண்டு சிக்கல் இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது என் ஒரிஜினல்களை ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். குறிப்பிட்ட காலம் வேலையை விட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பாண்ட் காலம் முடிந்துவிட்டது, கேட்டால் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்கிறார்கள். அப்புறம், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியலோடு என் பெயர் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை முழுதாகச் சர்நேம் இடத்தில் போட்டிருக்கிறது. கவுன்சில் பதிவில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கிறது. இது பிரச்சினையாகுமா?

ஓமலூர் அண்ணன்

ஆகும். நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டுவது இந்த இடத்தில்தான். என் மனைவி ரியாத்தில் ஸ்டாஃப் நர்ஸ். அவளுடைய பேப்பர் வேலை முழுக்க நான்தான் பார்த்தேன், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

வளைகுடா நாடுகளுக்குப் போக டேட்டாஃப்ளோ என்று ஒரு சரிபார்ப்பு உண்டு. நீங்கள் கொடுக்கிற சர்டிபிகேட்டை அவர்கள் நம்புவதில்லை. கல்லூரி, பல்கலைக்கழகம், கவுன்சில், வேலை பார்த்த ஆஸ்பத்திரி எல்லோருக்கும் நேரடியாக எழுதிக் கேட்பார்கள். அவர்களிடமிருந்து பதில் வராவிட்டால், உங்கள் பேப்பர் உண்மையாகவே இருந்தாலும் சரிபார்க்க முடியவில்லை என்று அறிக்கை வந்துவிடும்.

சின்ன ஆஸ்பத்திரிகளில் இதற்குப் பதில் போட ஆள் இருக்காது. அதனால் விண்ணப்பிப்பதற்கு முன்பே எச்.ஆரிடமோ நர்சிங் சூப்பரின்டென்டென்டிடமோ சொல்லி வையுங்கள். எந்த ஈமெயிலுக்குக் கேள்வி வரும், யார் பதில் தருவார் என்று பேசி முடித்துவிடுங்கள். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டில் சேர்ந்த தேதி, பிரிவு, பதவி, முழுநேரமா என்பது எல்லாம் தெளிவாக இருக்கட்டும். சம்பளத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுக்கிற இடம் என்றால் இனிமேலாவது பேங்க்கில் போடச் சொல்லுங்கள். வேலை பார்த்ததற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இப்போது பெயர். வெளிநாட்டு அதிகாரிக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே தெரியாது. முன்னால் ஒரு எழுத்து, பின்னால் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் முழுப் பெயர் என்று மூன்று விதமாக வந்தால் அவருக்கு மூன்று ஆள். முதலில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் உங்கள் பெயர் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பரீட்சைக்கு, என்.எம்.சி.க்கு, டேட்டாஃப்ளோவுக்கு எல்லாம் அதே எழுத்து, அதே வரிசை. கவுன்சில் பதிவில் எழுத்துப் பிழை இருந்தால் சாந்தோமில் உள்ள கவுன்சில் அலுவலகத்தில் திருத்தம் கேட்டு அதை முதலில் முடியுங்கள். பிழை இல்லாமல் இனிஷியல் இடம் மாறியது மட்டும்தான் என்றால், இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் போதும். அதை இங்கிலீஷில் எடுத்து, ஸ்கேன் செய்து, எல்லா விண்ணப்பத்தோடும் சேர்த்து வையுங்கள். கெஜட் வரை போவது பெயரையே மாற்றியவர்களுக்குத்தான் தேவைப்படும்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்காத தங்கைகள் கவனியுங்கள். சர்நேம் இடத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரோடு எடுக்காதீர்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை நாட்டுக்குள் விட மறுக்கும் விதியை 2022 நவம்பரில் எமிரேட்ஸ் கொண்டு வந்தது.

சவுதி, குவைத், கத்தார், ஓமன் மாதிரி குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பதினெட்டு நாடுகளுக்கு நர்சை அனுப்பும் வேலையை 2015-ல் மத்திய அரசு தனியார் ஏஜென்டுகளிடமிருந்து எடுத்து அரசு நிறுவனங்களிடம் கொடுத்துவிட்டது. நம் ஊருக்கு ஓ.எம்.சி.எல்., கேரளத்துக்கு நார்க்காவும் ஒடெபெக்கும். அந்த நாடுகளுக்குப் போகும் நர்ஸ் என்றால் பாஸ்போர்ட் எந்த வகையாக இருந்தாலும் குடிபெயர்வு அனுமதி வேண்டும். விசிட் விசாவில் ஏற்றிவிட்டு அங்கே மாற்றித் தருகிறேன் என்பவரிடம் சிக்கினால் அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது.

பழைய ஸ்டாஃப்

சர்டிபிகேட் விஷயத்துக்கு நான் சொல்கிறேன். பாண்ட் போட்டு நர்சுகளைக் கட்டி வைக்கக் கூடாது என்று இந்தியன் நர்சிங் கவுன்சிலே சொல்லியிருக்கிறது. அதுவும் காலம் முடிந்த பிறகு ஒரிஜினலை வைத்திருக்க அவர்களுக்கு ஒரு நியாயமும் இல்லை. வாயால் கேட்பதை நிறுத்து. தேதி போட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, நகலில் பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்து வாங்கு. கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பு. இரண்டு வாரத்தில் வரவில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ. சேலம் கோர்ட்டில் இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ம் வருடத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு வக்கீல் கடிதம் போனால் பெரும்பாலும் சர்டிபிகேட் வந்துவிடும்.

பயந்துகொண்டு சண்டை போட்டு வேலையை விட்டுவிடாதே. அடுத்த வேலைக்கு அனுபவச் சான்றும் அவர்கள்தான் தர வேண்டும். மரியாதையாக, எழுத்தில் கேள்.

வாழப்பாடி டு ரைன்

வணக்கம். நான் ஜெர்மனியில் டூசல்டார்ஃப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆண்களும் இந்த இழையைப் படிப்பார்கள், அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ஆளெடுப்பு குறைந்திருக்கும் இந்த நேரத்தில் நாகலூர் தங்கை ஜெர்மனியையும் யோசிக்க வேண்டும். இங்கே ஆள் தேவை நிஜமானது. ஆனால் மொழி இல்லாமல் எதுவும் நடக்காது. ஜெர்மன் படிப்பு ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக ஏறும். முழு நர்சாக அங்கீகாரம் வாங்க பி2 நிலை ஜெர்மன் வேண்டும். பெரும்பாலும் பி1 முடித்துக் கிளம்பி, இங்கே வந்து பி2 முடிப்பார்கள். எழுத்துக்கூடத் தெரியாத நிலையிலிருந்து பி1 வருவதற்கு, டியூட்டிக்கும் போய்க்கொண்டு படித்தால், ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் பி2 என்று சேலத்தில் போர்டு வைத்திருக்கிறவர்களிடம், அதில் எத்தனை பேர் ஜெர்மன் மொழிக்கான கோத்தே இன்ஸ்டிடியூட் பரீட்சையில் பாஸானார்கள் என்று கேளுங்கள். அவர்களே கொடுக்கிற சர்டிபிகேட்டை இங்கே யாரும் மதிப்பதில்லை.

வந்தவுடன் நர்ஸ் ஆகிவிட மாட்டீர்கள். நம் படிப்பை அந்தந்த மாநில அதிகாரிகள் பரிசோதித்து, எதெல்லாம் குறைகிறது என்று ஒரு கடிதம் தருவார்கள். அதை ஈடுகட்ட, பயிற்சிக் காலம் முடிக்கலாம் அல்லது ஒரு தேர்வு எழுதலாம். அதுவரை உதவியாளர் பதவி, உதவியாளர் சம்பளம். முடித்த பிறகுதான் முழுச் சம்பளம்.

இதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது வேலையைப் பற்றி. நம் ஊரில் பேஷன்ட்டைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது எல்லாம் கூட இருக்கிற சொந்தக்காரரோ ஆயாம்மாவோ செய்வார்கள். இங்கே அதுவும் நர்ஸ் வேலைதான், முழுத் தகுதி பெற்ற பிறகும். காலை டியூட்டி ஆரம்பித்ததும் வரிசையாக ஒவ்வொருவரையும் சுத்தம் செய்து, உட்கார வைத்து, சாப்பிட வைக்க வேண்டும். மறுபுறம், நம் ஐ.சி.யூ.வில் நாம் சாதாரணமாகச் செய்கிற பல காரியங்களை இங்கே டாக்டர்தான் செய்வார். இது தெரியாமல் வந்து, "இதற்கா பி.எஸ்சி. படித்தேன்" என்று அழுதவர்களை எனக்குத் தெரியும். எனக்கும் முதல் மாதங்கள் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிக் குளிப்பாட்டும்போதுதான் பேஷன்ட் உடம்பை முழுதாகப் பார்க்கிறோம். படுக்கைப் புண் ஆரம்பிப்பது, மூச்சு வாங்குவது, மனசு உடைந்து கிடப்பது எல்லாம் அப்போதுதான் கண்ணில் படுகிறது. இது குறைந்த வேலை என்ற எண்ணம் எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் இதைச் செய்ய மனசு இல்லாதவர்கள் வர வேண்டாம்.

காசு விஷயத்தில், ஜெர்மன் அரசின் நியாயமான ஆளெடுப்பு முத்திரை பெற்ற ஏஜென்சிகள் நர்சிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது, முதலாளிதான் எல்லாச் செலவும் ஏற்க வேண்டும். கேரளத்தில் நார்க்கா மூலம் நடக்கிற டிரிப்பிள் வின் என்கிற ஜெர்மன் ஆளெடுப்புத் திட்டமும் நர்சுக்கு இலவசம்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒன்றை மட்டும் தேடுங்கள்: நடுவில் வேலையை விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பிரிவு. சிலரிடம் அந்தத் தொகை பயமுறுத்துகிற அளவுக்கு இருக்கும்.

சூரமங்கலம் செல்வி

திருப்பிக் கட்டும் பிரிவு இங்கேயும் உண்டு. இரண்டு, மூன்று வருடத்துக்குள் ஆஸ்பத்திரி மாறினால் விமான டிக்கெட், ஆஸ்கி செலவில் ஒரு பகுதியைக் கேட்பார்கள். காலம் போகப் போகத் தொகை குறைகிறதா என்று பாருங்கள், குறைய வேண்டும்.

ஜெர்மனி பற்றி வாழப்பாடி தம்பி சொன்னது சரிதான். ஆனால் இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, ஐ.சி.யூ.வில் இங்கிலீஷிலேயே நோட்ஸ் எழுதுகிற பிள்ளைக்கு ஐ.இ.எல்.டி.எஸ். எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை முதலில் எடுத்தால் அயர்லாந்து, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா என்று பல பக்கமும் பார்க்கலாம். ஒரு வருடம் ஜெர்மனில் போட்டால் ஜெர்மன் பேசும் நாடுகளுக்கு மட்டும்தான்.

சம்பளக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 2025-26-க்கு, புதிதாகச் சேரும் நர்சுக்கான என்.எச்.எஸ். பேண்ட் 5 நிலையின் ஆரம்பச் சம்பளம் வருடத்துக்கு 31,049 பவுண்டு. வரி, பென்ஷன் எல்லாம் பிடித்துக் கையில் மாதம் சுமார் 2,000. அதில் வாடகை, பஸ், சாப்பாடு. ஐந்து ரோட்டுக்காரர் அதை ரூபாயாகப் பெருக்கிக் காட்டியிருப்பார், செலவைப் பெருக்கிக் காட்டியிருக்க மாட்டார். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு ஐந்து வருடம் என்பதைப் பத்தாக்கும் யோசனையையும் 2025 மே மாதம் அரசு முன்வைத்தது. குடும்பத்தோடு வர நினைப்பவர்கள் அதையும் கணக்கில் எடுங்கள்.

வாழப்பாடி டு ரைன்

அக்கா, ஆளெடுப்பே குறைந்துவிட்டது என்று நீங்களே சொல்கிறீர்கள். மதிப்பெண் எடுத்து வைத்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருப்பது? ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டு வருடத்தில் காலாவதி ஆகிவிடும். மொழி கற்றது போகாது.

சூரமங்கலம் செல்வி

காலாவதி விஷயம் உண்மைதான். அதனால்தான் ஒரு நாட்டுக்கு மட்டும் என்று எழுத வேண்டாம் என்கிறேன். மதிப்பெண் வந்த வாரமே என்.எம்.சி.யிலும் ஓ.எம்.சி.எல்.லிலும் வேலையை ஓட்ட வேண்டும்.

கெங்கவல்லி தம்பி

அமெரிக்கா பற்றி யாரும் சொல்லவில்லையே? அங்கே நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் பரீட்சை எழுதலாமா?

ஓமலூர் அண்ணன்

எழுதலாம் தம்பி, சென்னையிலேயே மையம் இருக்கிறது. 85 முதல் 150 கேள்வி, ஐந்து மணி நேரம். ஆனால் பாஸானவுடன் போய்விட முடியாது. நர்சுகள் போகிற கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருப்பு. நர்ஸ் பற்றாக்குறை என்று அங்கே எவ்வளவு பேசினாலும் நம் வரிசை நகர்வதில்லை.

என்கிளெக்ஸ் அதனால் வீண் என்றும் இல்லை. ஆஸ்திரேலியாவும் இதே பரீட்சையைக் கேட்கிறது, பிறகு அடிலெய்டில் ஆஸ்கி. இங்கிலாந்து, அயர்லாந்து, சிங்கப்பூர் மாதிரி சில நாடுகளில் பதிவு பெற்று 1,800 மணி நேரம் வேலை பார்த்தவர்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து ஆஸ்திரேலியா இந்தப் பரீட்சைகள் இல்லாமலே பதிவு தருகிறது. நியூசிலாந்து 2023 டிசம்பரிலிருந்து ஆன்லைன் தேர்வும் கிறைஸ்ட்சர்ச்சில் ஆஸ்கியும் என்று மாற்றிவிட்டது.

வெள்ளக்கடை மலைமகள்

நாகலூர் அக்கா, நானும் சேர்வராயன் மலைதான். எங்களைப் போல் பழங்குடிச் சான்றிதழ் இருந்தால் தாட்கோ என்கிற தமிழ்நாடு அரசு நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினரில் நர்சிங் முடித்தவர்களுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி தர அழைப்பு விடுகிறார்கள். கலெக்டர் ஆபீஸ் செய்திக் குறிப்பில் வரும். மலையில் பலருக்குச் செய்தி வந்து சேர்வதற்குள் கடைசித் தேதி முடிந்துவிடுகிறது. நீங்கள் கேட்டதால் நான் இனி அறிவிப்பு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.

அம்மாபேட்டை குமார்

பெரியம்மா சொன்ன 35,400 எனக்கு இதுவரை தெரியாது. எங்கள் தெருவில் இன்னொரு பிள்ளை அதே ஐந்து ரோடு ஆபீசில் முன்பணம் கட்டியிருக்கிறது. அதைத் திரும்ப வாங்க முடியுமா?

பழைய ஸ்டாஃப்

முயற்சி செய்யலாம் தம்பி. ரசீது, பேங்க் டிரான்ஸ்பர், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்க வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் ஒன்று கொடுக்கட்டும். பதிவு இல்லாத ஏஜென்சி என்றால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் சேலம் மாநகர போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்கும் புகார் போகலாம். கட்டினவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள், தேடிச் சேர்ந்து போனால் புகாருக்கு வலு அதிகம். கூச்சப்பட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்வதால்தான் இவர்கள் அடுத்த பிள்ளையைப் பிடிக்கிறார்கள்.

நாகலூர்க்காரி

எல்லோருக்கும் நன்றி. இ-மைக்ரேட் பட்டியலில் தேடினேன். அவர்கள் கொடுத்த எண் வேறு ஊரில் வேறு பெயரில் இருக்கிற ஏஜென்சியுடையது. போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா தோட்டப் பத்திரத்தைத் திரும்ப வாங்கி வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் வாங்கினேன். ஓ.எம்.சி.எல்.லில் பதிவு செய்தாகிவிட்டது. இங்கிலீஷைத்தான் முதலில் எடுக்கப் போகிறேன். வாழப்பாடி அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம், தாட்கோ அழைப்பு வந்தால் ஜெர்மனையும் விட மாட்டேன்.

கடைசியாக ஒன்று. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸா, ஓ.இ.டி.யா? அப்புறம் சென்னையில் கவுன்சில், எம்.ஜி.ஆர். யுனிவர்சிட்டி இரண்டையும் ஒரே லீவில் முடிக்க முடியுமா? ஆஃப் கிடைப்பது கஷ்டம்.

சூரமங்கலம் செல்வி

ஓ.இ.டி.யில் எல்லாமே ஆஸ்பத்திரி விஷயம். எழுதுவது டிஸ்சார்ஜ் கடிதம், ரெஃபரல் கடிதம், பேசுவது பேஷன்ட்டோடு. ஐ.சி.யூ. ஸ்டாஃபுக்கு அது சௌகரியம். ஆனால் கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதலில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தாள் இரண்டிலும் ஒன்றொன்று எழுதிப் பாருங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். கட்டுரையில் தொடர்ந்து 6-க்கு மேல் ஏறவில்லை என்றால் ஓ.இ.டி. எடுங்கள், கூடுதல் காசு நியாயம்தான். ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் அகடமிக் என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள், ஜெனரல் செல்லாது.

ஓமலூர் அண்ணன்

ஒரே நாளில் இரண்டு ஆபீசுக்கும் போய்க் கொடுத்துவிடலாம், ஆனால் கையோடு வாங்கி வர முடியும் என்று நினைக்க வேண்டாம். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்குள் சென்னை. காலையில் கிண்டி யுனிவர்சிட்டியில் டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு (பாட, மதிப்பெண் விவரச் சான்று) கொடுத்துவிட்டு, மதியம் சாந்தோம் கவுன்சில். முன்பே இரண்டு தளத்திலும் விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் ஆன்லைனில் முடித்து, பிரின்ட் எடுத்துப் போங்கள். திங்கட்கிழமையையும் பண்டிகைக்கு அடுத்த நாளையும் தவிருங்கள். ஒரிஜினல் கைக்கு வந்த பிறகு போங்கள், அங்கே காட்டச் சொல்வார்கள். நோட்டரி அஃபிடவிட்டை இப்போதே எடுத்துவிட்டால் பெயர்த் திருத்தத்தையும் அதே பயணத்தில் கொடுத்துவிடலாம்.